வெளியே வந்ததும் ஓதுகிற துஆ

ஓதவில்லை. இன்று காலை கக்கூசை விட்டு வெளியே வந்ததும் ஓத வேண்டிய துஆவை நான் ஓதவில்லை. லேபுக்கு வந்து, டப்பாவை அந்தப் பிள்ளை தேன்மொழியிடம் கொடுத்து, ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆகும் உட்காருங்கம்மா என்று அவள் சொல்லி, இந்த நீலப் பெஞ்சில் உட்கார்ந்தும் ஆயிற்று, மனசு மட்டும் இன்னும் எங்கள் வீட்டுக் கக்கூஸ் வாசலிலேயே நிற்கிறது. இடது காலை வைத்து உள்ளே போனது சரி. வலது காலை வைத்து வெளியே வந்தது சரி. வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. ஓதப் பள்ளியில் லெப்பையிடம் படித்த வயதிலிருந்து அப்படித் திறந்த வாய்தான், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. என்னை விட்டு இடைஞ்சலைப் போக்கி எனக்குச் சுகம் தந்த அல்லாஹ்வுக்கே புகழெல்லாம் என்று அதற்கு அர்த்தமாம், என் மகள் ஜெஸிமா காலேஜில் படிக்கும்போது சொன்னாள், அதுவரை அர்த்தம் தெரியாமல்தான் ஓதிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்தப் போக்கி என்கிற இடத்தில் வாய் நின்றுவிட்டது. போகவில்லையே. கையில் இருக்கிறதே. டப்பாவுக்குள் இளஞ்சூடாக, மூடியைத் திருகி, விழுந்துவிடக் கூடாதென்று நான்தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இடைஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு இடைஞ்சல் போய்விட்டது என்று அவனிடமே போய்ச் சொல்வதா. வெறுமனே நின்றேன். என் வீட்டுக்காரர், அவுக, கூடத்திலிருந்து, என்ன புள்ள, கிடைச்சுதா என்று கேட்டார்கள், ஏதோ கடலில் வலை போட்டவளைக் கேட்கிற மாதிரி.

நேற்றும் இதற்காகத்தான் வந்தோம், நேற்று கக்கூசை விட்டு வெளியே வந்தபோது என் கை வெறுங்கை. எழுந்தவுடனே போகிற முதல் மூத்திரம்தான் வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எழுந்தேன், பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழ எழுகிற நேரம்தான், போனேன், இருந்தேன், கழுவினேன், ஒரு சொட்டு உடுப்பில் பட்டிருக்குமோ என்று என் வழக்கப்படி முட்டுக்குக் கீழேயும் தண்ணீர் விட்டேன், வெளியே வந்தேன், துஆ ஓதினேன், ஒளுச் செய்தேன், முசல்லாவை விரித்துத் தக்பீர் கட்டினேன், அப்போதுதான், தக்பீர் கட்டின கையோடு, அந்த டப்பா ஜன்னலில் காலியாக இருப்பது ஞாபகம் வந்தது. தொழுகையில் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தேன். இதை மறந்துபோவதற்கு எங்களை மாதிரி ஆட்களால்தான் முடியும், சுத்தம் சுத்தம் என்று விரட்டிப் பழகின கை, எடுத்து வை என்றால் அதற்குப் புரியுமா. இரண்டாவது தடவை போனதைக் கொண்டுவந்து நீட்டினேன். தேன்மொழி டப்பாவைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். முதல்ல போனதாம்மா இது, என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. சிரித்துக்கொண்டே, நாளைக்கு வாங்கம்மா, உங்க பாய் ஆளுங்க நிறையப் பேருக்கு இது நடக்கும், என்றாள். அப்படியென்றால் நான் மட்டும் இல்லை. அதில் கொஞ்சம் ஆறுதல். வீட்டுக்குப் போனதும் அவுக ஒன்றும் பேசவில்லை. இன்று நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தால் குழாய் வாயில் டப்பா கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது, டீக்கடைச் சணலால் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. அதை அவிழ்க்காமல் தண்ணீர் எடுக்கவே முடியாது. என் மனுஷர் பேச வேண்டியதை எல்லாம் இப்படித்தான் எங்கேயாவது கட்டி வைப்பார்கள்.

அந்தக் கையைப் பார்க்கிறேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், முகைதீன் பிச்சை என்றால் பஜாரில் தெரியும், அரை ஆயுசு சாயா ஆற்றின கை. டப்பாவை ஒரு பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, அதற்கும் மேலே ஒரு துணிப்பையில் வைத்து, அந்தத் துணிப்பையை இனி எதற்கும் எடுக்கக் கூடாது என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டு, நான் ஓரமாகத் தூக்கிப் பிடித்தபடி ஆட்டோவில் ஏறப் போனேன். கொண்டா, என்று வாங்கிக்கொண்டார்கள். மச்சான், பள்ளிக்குத் தொழப் போற உடுப்பு, நஜீஸ் பட்டுறப் போகுது, என்றேன். மூடி இருக்குல்ல, என்றார்கள். அப்புறம் ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறின பிறகு, இத்தன நாளா உள்ள வச்சுக்கிட்டுத்தான புள்ள தொழுதோம், அப்ப என்ன செஞ்ச, என்றார்கள். உண்மைதானே. குனிந்து ருகூவு செய்கிறேன், நெற்றியை வைத்து சுஜூது செய்கிறேன், அப்போதும் உள்ளே சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டேதானே இருந்திருக்கும். அதை யாரும் நஜீஸ், அசுத்தம் என்று சொல்லவில்லை. ஆட்டோ குலுங்குகிற குலுக்கலில் அவர்கள் கை மட்டும் ஆடவில்லை, நிறைந்த கிளாசைக் கடையிலிருந்து நகைக்கடை மாடிக்கு ஏற்றுகிற மாதிரி, கண் ரோட்டில், கை பையில். என் மூத்திரத்தை இவ்வளவு மரியாதையாகத் தூக்கிப் போக ஒருத்தர் இருக்கிறார் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிற்று, துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

போன தடவைச் சோதனையில் ஆல்புமின் என்று ஒன்று கூடுதலாக இருந்தது. முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு சத்து, அது ரத்தத்தில் இருக்க வேண்டியது, மூத்திரத்தில் இறங்கக் கூடாது என்றார்கள் டாக்டரம்மா. மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த சிறுநீரகம் ஒன்று இருந்தது, இரண்டாகத் திறக்கிற மாதிரி. இது வடிகட்டிம்மா, வடிகட்டி கசிஞ்சா சத்து கீழ இறங்கும், மூத்திரம் நுரைக்கும், காய்ச்சல் இருந்தாலும் ஒருதடவை அப்படிக் காட்டும், அதனால இன்னொரு தடவை பாத்துருவோம், என்றார்கள். அவுக அந்த பிளாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயாப் பை நைஞ்சா தூள் இறங்கும், நாங்க புதுப் பை மாத்திருவோம், இதுக்கு எப்படி, என்று கேட்டார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது, சிரிக்காமல், இத மாத்துறது கஷ்டம் பாய், ஆனா மேற்கொண்டு நையாமப் பாத்துக்கலாம், என்று ஒரு பெரிய மனுஷனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்கள். அதோடு விட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன். இன்னொன்றும் சொன்னார்கள். இங்க இருக்கிற பொடி ரத்தக்குழாய் கசியுதுன்னா, வயசானவங்களுக்கு அது இதயத்துக்கும் ஒரு முன் அறிவிப்பும்மா, இப்படிக் கசியுறவங்களுக்குப் பின்னால இதயம் தளர்ந்துபோறது அதிகமா நடக்குது, உங்க இதயம் இப்ப நல்லாத்தான் இருக்கு, ஸ்கேன்ல பாத்தாச்சு, அதனாலதான் இப்பவே கவனிக்கணும்ங்கிறேன். இதயம் தளர்ந்து என்றதும் எனக்கு சைனம்பு லாத்தாவின் கால் ஞாபகம் வந்துவிட்டது. என் உடன்பிறந்த மூத்தவள். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. விரலால் அழுத்தினால் குழி, மாவில் அழுத்தினது போல, எழும்பாது. படுக்க முடியாது, மூச்சு முட்டும், தலையணைக்கு மேல் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். இதயம் இறைக்க மாட்டாமல் தண்ணீர் தங்கிவிட்டது என்றார்கள், அதற்குள் காலம் போய்விட்டது, அவளும் போய்விட்டாள். அதற்கெல்லாம் ரொம்ப முந்தியே ஒருநாள், கிணற்றடியில் துணி அலசும்போது என்னிடம் சொல்லியிருக்கிறாள், எனக்கு மூத்திரம் சோப்புப் போட்ட மாதிரி நுரைக்குதுடி, நான் அவ்வளவு சுத்தக்காரி. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த நுரை பேசியிருக்கிறது. அவள் காலுக்கு முன்னால், மூச்சுக்கு முன்னால், அது வந்து சொல்லியிருக்கிறது. நாங்கள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டோம்.

எதிர்ப் பெஞ்சில் ஒரு பெரியவர், சூசை என்று தேன்மொழி கூப்பிட்டாள், கடல் வேலை பார்த்த உடம்பு, கருத்து, நரம்பு நரம்பாக. ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கொண்டுவந்திருக்கிறார். தாத்தா, இதுல கொஞ்சம் போதும், என்கிறாள். மிச்சத்த என்ன செய்ய, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகவா, பஸ்ஸுல டிக்கெட் கேப்பான், என்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டில்ல கொண்டாந்தா சர்க்கரை இருக்குன்னுதான் காட்டும் தாத்தா, புது டப்பா தாரேன், நாளைக்கு வாங்க. காட்டட்டுமே, இனிப்பான ஆளுன்னு எழுதிக் குடு, என் பொண்டாட்டி நம்ப மாட்டேங்கா. அவுக சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். நானும் துப்பட்டிக்குள் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பார்வை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போகிறது, தேன்மொழி கையுறை போட்ட விரலால் டப்பாக்களை வரிசையாக வைக்கிறாள், எதையும் முகம் சுளிக்காமல், ஒவ்வொன்றின் பெயரையும் வாய்க்குள் படித்துப் பார்த்து. என்னுடையது எதுவென்று இங்கிருந்து தெரியவில்லை. எல்லாம் ஒரே மஞ்சள்தான். பாய் வீட்டு மஞ்சள், கடற்கரை மஞ்சள், அவரவர் ரகசியத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக நிற்கின்றன. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக வருகிறது. சிறுநீரகம், எங்கள் பேச்சில் குண்டிக்காய், எனக்குப் புதுசா என்ன. ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் குர்பானி ஆட்டினுடையது என் கைக்குத்தான் வரும். கத்தியால் நெடுக்கப் பிளந்து, நடுவில் இருக்கும் வெள்ளை நரம்பைச் சுரண்டி எடுத்து, மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டு, வாடை போகிற மட்டும் அலசி, மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கினால் அவுகளுக்கு வேறொன்றும் வேண்டாம். இத்தனை வருஷம் அதன் வாடையைப் போக்கினேனே தவிர, அது என்ன வேலை பார்த்தது என்று ஒருநாள் நினைத்திருப்பேனா. உடம்பில் ஓடுகிற ரத்தம் முழுக்கத் திரும்பத் திரும்ப அதன் வழியாகப் போய் வருகிறதாம், வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளுகிறதாம், ராவும் பகலும், நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோதும், உம்மா மவுத்தான அன்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தபோதும், கல்யாண வீடுகளில் உப்பும் நெய்யும் கணக்கில்லாமல் இறக்கினபோதும். யா அல்லாஹ், குர்ஆன் ஓதக் கண்ணைக் கேட்டேன், சுஜூதுக்கு முட்டியைக் கேட்டேன், ஈமானுக்கு இந்த நெஞ்சை, கல்பைக் கேட்டேன். இந்த இரண்டுக்கும் ஒரு துஆ கேட்டதில்லை. கேட்காதவளுக்குத் தந்து, கேட்காமலே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாயே. இடுப்பு எலும்புக்கு மேலே, முதுகுப் பக்கம், கையைப் பின்னால் கொண்டுபோய் லேசாக வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் துடிக்கவில்லை. இதயமாவது நான் இருக்கேன் இருக்கேன் என்று தட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு அந்தப் பழக்கம் இல்லை. முதுகு வலிக்குதா, என்கிறார்கள் அவுக. இல்ல மச்சான், சும்மா.

ஆனால் நோன்பு. சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து இடிக்கிறேன். நோன்புக்கு முந்தின ஷஃபான் மாசம் பாதி போய்விட்டது. இந்தத் தடவையும் கூடுதலாகக் காட்டினா புது மாத்திரை ஆரம்பிக்கணும்மா, அது மூத்திரத்தைக் கூட்டும், தண்ணி குடிக்காம பகல் முழுக்க இருக்க உங்களால ஆகாது, இந்த ரம்ஜானுக்கு நோன்பு வேண்டாம், என்று டாக்டரம்மா அன்றே சொல்லிவிட்டார்கள். டப்பாவுக்குள் இருக்கிறது என்னவோ, அதுதான் முடிவு சொல்லும். பாவாடை கட்டத் தெரியாத வயதில் அடம்பிடித்துப் பிடித்த முதல் நோன்பு, பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் மயங்கி விழுந்து வாப்பா மடியில் கிடந்து, தண்ணி வேண்டாம் என்று பல்லைக் கடித்தேனாம், உம்மா சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். அதற்குப் பிறகு மாசவிலக்கு நாளும் பேறுகாலமும் தவிர விட்டதில்லை, விட்டதையும் பின்னால் பிடித்துக் கழித்திருக்கிறேன். விடியுமுன் சஹர் சாப்பிட்டு முடித்ததும் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த நோன்பைப் பிடிக்கிறேன் என்கிற நிய்யத்துச் சொல்லிக்கொடுப்பது நான்தான், நான் ஒரு வார்த்தை சொல்ல, தூக்கக் கலக்கத்தில் மகன்கள் ஒரு வார்த்தை, மகள் ஒரு வார்த்தை, அவுக கடைசியில் ஒரு வார்த்தை. இப்போது ஒருவன் சவூதியில், ஒருவன் சென்னையில், ஜெஸிமா திருச்சியில். வீட்டில் நானும் அவுகளும்தான். நோன்பு இல்லாத வாயால் நிய்யத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று எனக்குத் தெரியாதா, அடுத்தவளுக்கு என்றால் நானே எடுத்துச் சொல்வேன், உன் உடம்பும் அவன் நம்பித் தந்த அமானிதம்தானம்மா என்று. எனக்கென்று வரும்போது அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. போன் அடிக்கிறது. ஜெஸிமா. உம்மா, இன்னைக்காவது சரியாக் குடுத்தியளா? குடுத்தாச்சுமா, உங்க வாப்பா குழாய வச்சுக் கட்டிட்டாக. அங்கே அவள் சிரிக்கிறாள், பிறகு சிரிப்பு நின்று, நுரை இருந்துச்சா உம்மா, என்கிறாள். பார்த்தேன் என்று சொல்லவா. மூடியைத் திருகும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் சின்னச் சின்னதாக, உடையாமல், இருந்தது. நான் என்ன டாக்டரா, ரிசல்ட் வரட்டும், என்றேன். சைனம்பு பெரியம்மா மாதிரி ஆயிறாதும்மா, அதுக்குத்தான பாக்குறோம், என்றாள். நான் நினைத்ததை எப்படித்தான் பிடித்தாளோ. என் வயிற்றில் கிடந்தவள், அப்போது இவள் கழிவையும் சேர்த்துத்தானே இந்தக் குண்டிக்காய் இரண்டும் வடிகட்டியிருக்கும். ஒன்றுமே கேட்காமல் அவளையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

ஹாஜரா பீவி, என்று தேன்மொழி கூப்பிடுகிறாள். தாளை அவுக வாங்கி, கண்ணாடி போடாமலே பார்த்து, திருப்பிப் பார்த்து, என்னிடம் கொடுக்கிறார்கள், எனக்கு மட்டும் என்ன தெரியும். பக்கத்து அறையில் டாக்டரம்மா பழைய தாளையும் புதுத் தாளையும் சேர்த்து வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். மின்விசிறிக்கு அந்தத் தாள்கள் எழும்பி எழும்பிப் படுக்கின்றன. போன தடவைக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்மா, ஆனா இருக்க வேண்டிய அளவுக்கு மேலதான் இருக்கு, ரெண்டும் ஒண்ணத்தான் சொல்லுது, என்கிறார்கள். அவுக கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டோவில் ஆடாத கை. டாக்டரம்மா என் காலைக் காட்டச் சொல்கிறார்கள், கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தி எடுக்கிறார்கள், நான் குனிந்து பார்க்கிறேன், விரல் எடுத்த இடம் வெளுத்துச் சிவந்து உடனே சமமாகிவிட்டது. குழி விழவில்லை. பாத்தீங்களா, என்கிறார்கள், இன்னும் ஒண்ணும் ஆகலை, ஆகுறதுக்கு முந்தி இது வந்து சொல்லுது, பிரஷர் மாத்திரைய மாத்துறேன், புது மாத்திரை ஒண்ணு, கருவாடு, அப்பளம், ஊறுகாயைக் கண்ணுல காட்டாதீங்க. நோன்பு, என்கிறேன். நோன்பு டாக்டரம்மா. முதல் நோன்பு மட்டும், ஒண்ணே ஒண்ணு. அவர்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். வேண்டாம்மா, இந்த வருஷம் வேண்டாம், மாத்திரை உடம்புக்குப் பழகட்டும், அப்புறம் பேசுவோம். மறுபடி கேட்கலாம் போல இருக்கிறது. கேட்கவில்லை. லாத்தாவுக்கு இப்படி வேண்டாம் என்று சொல்ல எந்த டாக்டரும் இருக்கவில்லை, சொல்ல வந்த நுரையை நானும் சேர்ந்து ஊற்றிவிட்டேன். இன்றைக்கு வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு, இல்லை நான் என் இஷ்டப்படிதான் என்றால், அனுப்பினவனுக்கு என்ன பதில் சொல்வது.

வெளியே வந்து மருந்துக் கடைக்குப் போகும் முன் அவுக நின்றார்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, சஹருக்கு நீ எழும்பத்தான் செய்யணும் ஆமா, என்றார்கள். எழும்பாம என்ன மச்சான், சோறு யாரு போடுவா. சோத்த நானே போட்டுக்குவேன், என்றார்கள், நிய்யத்து யாரு சொல்லிக் குடுக்குறது, எனக்குத் தனியாச் சொன்னா பாதியில விட்டுப்போவும். பள்ளியில் தொழுகை வரிசைக்கு, சஃபுக்கு முதல் ஆளாக நிற்கிற மனுஷர், கடையை மூடிவிட்டு வந்தும் ஓதிக் குர்ஆன் முடித்தவர், இவருக்கு நிய்யத்து விட்டுப்போகுமாம். சரி, சொல்லித் தாரேன், என்றேன். பிறகு, இங்கனயே நில்லுங்க, ஒரு நிமிஷம், என்று லேபுக்குத் திரும்பி நடந்தேன். அதற்குள்ளாகவே மூத்திரம் முட்டிக்கொண்டு வந்துவிட்டது, பாவம், அந்த இரண்டும் எங்கே நிறுத்தின, நான் பயந்துகொண்டிருந்த நேரம் முழுக்கவும் வேலை பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கின்றன. லேப் கக்கூசுக்குள் இடது காலை வைத்துப் போனேன். இறங்குகிற சத்தத்தைக் கேட்டேன், இதுநாள் வரை கேட்டதில்லை. தண்ணீர் ஊற்றும் முன் குனிந்து பார்த்தேன், நுரை ஓரத்தில் இருந்தது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன். கழுவினேன், முட்டுக்குக் கீழேயும் கழுவினேன், அது போகாது என் பழக்கம். வலது காலை வெளியே வைத்தேன். இரண்டு கையும் காலியாக இருந்தன. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள், அவள் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்று, காலையில் விட்டதற்கும் சேர்த்து, ஒவ்வொரு சொல்லாக, என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இரண்டுக்கும் கேட்கிற மாதிரி அந்தத் துஆவை ஓதினேன்.